காலி ஹோல்டரில் எத்தனை வோல்ட்

அந்தத் தவணைச் சோதனையில் நான்காவது கேள்விக்கு ஒரு பிள்ளைகூடச் சரியாக எழுதவில்லை. பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்திருக்கிறது. அதில் ஒரு பல்பை மட்டும் கழற்றிவிட்டு, கழற்றிய இடத்தின் இரண்டு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்தால் எவ்வளவு காட்டும்? இதுதான் கேள்வி. வகுப்பு முழுவதும் சைபர் என்று எழுதியிருந்தது. பல்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை, அப்புறம் அங்கே என்ன இருந்து தொலைக்கப்போகிறது என்பது அவர்கள் நியாயம். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு சைபரையும் சுழித்துக்கொண்டே வந்தேன். கோபம் வரவில்லை. அந்த வருஷம் எனக்கு எதுவுமே வரவில்லை.

1984. சிலிம் ரிவரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. நான்காம் படிவத்துக்கு, அதாவது பத்தாவது வகுப்புக்கு, இயற்பியல், மலாயில். தொடர் இணைப்புக்கு மலாயில் செசிரி, பக்க இணைப்புக்கு செலாரி. யார் வைத்த பெயரோ, இரண்டும் இரட்டைப் பிள்ளைகளுக்கு வைத்த மாதிரி இருக்கும். தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் பாதிப்பேர் ஒன்றை நினைத்து மற்றதை எழுதினார்கள். நான் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தேன். ஒரே பாதை என்றால் செசிரி. எல்லாருக்கும் ஒரே கரண்ட், வோல்ட்தான் பங்காகும். பல பாதை என்றால் செலாரி. எல்லாருக்கும் ஒரே வோல்ட், கரண்ட்தான் பங்காகும். அதை அழிக்கவேண்டாம் என்று வகுப்புத் தலைவனிடம் சொல்லிவைத்தும், மறுநாளே அழித்துவிட்டு யாரோ ஒரு பூனை வரைந்திருந்தார்கள்.

என் பெயர் நவமணி. சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் அங்கே குடியிருந்தோம் என்று அர்த்தம். அப்பா, பெயரே அப்பாவு, அங்கே ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டினார், அம்மா ராக்காயியும் வெட்டினாள். நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா மங்களம் போன கார்த்திகை மழையில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனாள். ஒரு வாரம்தான் படுத்திருந்தாள். அவளுக்கு நடக்கப் பழகாத ஒரு பெண் குழந்தை, பாப்பா. பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

சாவுக்கு நான் அழவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள், எனக்கும் சேர்த்து. "படிச்ச பிள்ள, கல்லு மாதிரி நிக்குது பாரு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. படிப்புக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் தடித்து மரத்துப்போகுமே, தொட்டால் அது யாருடைய கன்னமோ என்றிருக்குமே, அப்படித்தான் இருந்தேன். முழுசாக.

கணக்கு மட்டும் வந்தது. ஆறு ஓம், மூன்று ஓம், இரண்டையும் செலாரியில் போட்டால் இரண்டு ஓம். அதோடு செசிரியில் ஒரு நான்கு ஓம். மொத்தம் ஆறு. பதினெட்டு வோல்ட் பேட்டரி என்றால் மூன்று ஆம்பியர். நான்கு ஓமில் பன்னிரண்டு வோல்ட் விழும், மிச்சம் ஆறு வோல்ட் அந்த ஜோடிக்கு. ஜோடியில் ஒன்றில் ஓர் ஆம்பியர், இன்னொன்றில் இரண்டு. கூட்டினால் மூன்று. போனது எவ்வளவோ வந்தது அவ்வளவு; எங்கேயும் எதுவும் தொலைவதில்லை. பள்ளிக்குப் பக்கத்து வாடகை அறையில் உட்கார்ந்து இப்படிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை, விடை மட்டும் இருந்தது.

எனக்கும் மச்சானுக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மச்சான் என்றால் அக்கா புருஷன், பெயர் பத்துமலை; அக்கா போனதிலிருந்து அவரும் பாப்பாவும் எங்கள் வீட்டில்தான். தோட்டத்து இஞ்சின் வீட்டில் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு இஞ்சினை ஓட்டி லயங்களுக்குக் கரண்ட் விடுவதும், பத்து மணிக்கு நிறுத்துவதும், யார் வீட்டிலாவது வயர் கருகினால் போய்ப் பார்ப்பதும் அவர். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு வேறு கருத்தே இருந்ததில்லை. அக்காவுக்குத் தலைத்திவசம் முடிந்ததும் தாலி என்று பெரியவர்கள் பேசினார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு ஒரு தெம்பு வேண்டும். மச்சானும் மறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்கும் அதே மருந்து ஊசிதான் போட்டிருந்தது போலிருக்கிறது.

அம்மா சொன்ன நியாயம் இதுதான். "வெளியேர்ந்து ஒருத்தி வந்தா பாப்பாவுக்கு அவ சித்தி. நீ வந்தா நீயும் சித்திதான். ஆனா நீ நல்ல சித்தி." மாற்றாந்தாய்க்கும் அம்மாவின் தங்கைக்கும் ஒரே சொல்லை வைத்த தமிழை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் முறைத்துப் பார்த்தேன். அதோடு அம்மா பாப்பாவுக்குப் பாடம் வேறு நடத்தினாள். என்னைக் காட்டி "அம்மா சொல்லு, அம்மா" என்பாள். பாப்பா என்னை ஒரு பார்வை பார்க்கும். பிறகு வாசலைப் பார்க்கும்.

வாரக் கடைசியில் நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். போகப் போக என் துணிகள் குறைந்து அக்காவின் துணிகள் கூடின. "சும்மாதானே கெடக்கு, கட்டிக்க" என்று அம்மா எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து "மங்களம், அந்தச் சட்டிய எடு" என்றாள். நான் "இந்தாம்மா" என்று எடுத்துக் கொடுத்தேன். கொடுத்து முடித்த பிறகுதான் இருவருக்குமே தெரிந்தது. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் சட்டி சூடாக இருந்ததா என்று கையைப் பார்த்தேன். சிவந்திருந்தது. எரியவில்லை.

ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் கோயில் படி ஏறக்கூடாது. ஆனால் கோயிலுக்குச் சுற்றிக் கட்டுகிற சீரியல் லைட்டு வருஷா வருஷம் மச்சான் கையால் சரி செய்து கட்டுவது. வேறு யாருக்கும் அந்த வயர் சிக்கு பிடிபடாது. கோயில் தலைவர் இராமசாமி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். லைட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீங்க கோயிலுக்கு வரவேணாம் தம்பி. லைட்ட மட்டும் இங்கயே சரி பண்ணிக் குடுத்திடுங்க. நம்ம பசங்க கட்டிக்குவானுங்க."

துக்க வீட்டு ஆள் ஆகாது, துக்க வீட்டுக் கை மட்டும் ஆகும். அம்மனுக்கு இந்த ஏற்பாடு தெரியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இராமசாமி லைட்டுக்கு மட்டும் வரவில்லை. கல்யாணத் தேதியை அன்றைக்கே பேசி முடித்துவிடுவது என்று அப்பாவோடு ஏற்கெனவே ஏற்பாடு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

அது ஒரு சனிக்கிழமை. நான் விடைத்தாள் கட்டோடு வந்திருந்தேன். மச்சான் இஞ்சினை ஓட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டு முன்பக்கத் தாழ்வாரமான அஞ்சடியில் இரண்டு தூணுக்கும் நடுவே லைட்டு வயரை இழுத்துக் கட்டினார். நடுவில் வயர் தொய்ந்து இடுப்புயரத்துக்கும் கீழே தொங்கியது. நாற்பது ஹோல்டர்கள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனி அளவு பல்பு. சிவப்பு, பச்சை, மஞ்சள்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து தாள் திருத்தினேன். பாப்பா என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள், பத்தடி நடந்தால் இரண்டு தடவை உட்காருவாள்.

மச்சான் பிளக்கைச் சுவரில் செருகி ஸ்விட்சைப் போட்டார். ஒரு பல்பும் எரியவில்லை.

"எத்தன செத்திருக்குன்னு தெரியலயே" என்றார், என்னிடமா வயரிடமா என்று தெரியாமல். அக்கா போன பிறகு அவர் பேசுவதே அப்படித்தான்.

பல ஹோல்டர்களில் பல்பே இல்லை. வெள்ளிக் காகிதம்தான் இருந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே, அந்த மினுக்குத் தாள். ஒரு பல்பு செத்தால் வரிசை முழுவதும் இருண்டுவிடும், வாங்கி மாட்டப் புது பல்பு சுங்காயில் கிடைக்காது. ஆகவே அந்தத் தாளைக் கசக்கி ஹோல்டரில் திணித்துவிடுவார்கள். கரண்ட் அதன் வழியே போய்விடும், மற்றவை எரியும். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் செய்கிற வைத்தியம் இது. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு ஹோல்டரில் காகிதம்.

"மச்சான், இருநூத்தி நாப்பது வோல்ட்டுக்கு நாப்பது பல்பு இருந்தா ஆளுக்கு ஆறு வோல்ட்டு. இப்ப இருபத்தெட்டுதான் இருக்கு. ஆளுக்கு எட்டரைக்கு மேல போவுது. அதான் வருஷா வருஷம் சீக்கிரம் சீக்கிரம் சாவுது."

அவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஆமா. போன வருஷம் ரொம்பப் பளிச்சின்னு எரிஞ்சிச்சி. மங்களம்கூட சொன்னா, இந்த வருஷம்தான் லைட்டு அழகா இருக்குன்னு."

ஒன்று போனால் இருக்கிறது பளிச்சென்று எரியும், பார்க்கிறவர்களுக்கு அது அழகாகத்தான் இருக்கும். என்னையும் அப்படித்தான் தோட்டத்தில் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். வேலைக்கும் போகிறாள், வீட்டையும் பார்க்கிறாள், குழந்தையையும் பார்க்கிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது, என்ன பிள்ளை!

செத்த பல்பைக் கண்டுபிடிக்க மச்சானுக்கு ஒரு முறை உண்டு. ரப்பர் உறை போட்ட ஒரு துண்டு வயரின் இரண்டு நுனியையும் சீவி வைத்திருப்பார். கரண்ட் இருக்கும்போதே அந்த நுனிகளால் ஒவ்வொரு ஹோல்டரின் இரு பக்கத்தையும் தொட்டுப் பார்ப்பார். எந்த ஹோல்டரைத் தொடும்போது மற்றவை குபுக்கென்று எரிகிறதோ, அங்கே இருக்கிறதுதான் பிணம். ஆபத்தான முறை. ஆனால் அவர் கை நடுங்கிப் பார்த்ததில்லை. வரிசையின் நடுவில், வயர் தொய்ந்த இடத்தில், அவர் தொட்டதும் அஞ்சடி முழுவதும் ஒரு நொடி வண்ணமாகியது. பாப்பா "ஹை" என்றாள். கையை எடுத்தார், இருண்டது.

பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் கறுத்திருந்தது. சட்டைப்பையில் தேடினார். மினுக்குத் தாள் இல்லை. உள்ளே அப்பாவின் சிகரெட் பெட்டி இருக்கும் என்று எழுந்து போனார்.

வழக்கமாக அவர் முதலில் பிளக்கைப் பிடுங்குவார். எத்தனையோ தடவை நானே பார்த்திருக்கிறேன். பிடுங்கி, தோளில் போட்டுக்கொண்டு, பிறகுதான் நகருவார். அன்றைக்குப் பிடுங்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. நாற்பதாவது தாளில் நாற்பதாவது சைபரைச் சுழித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே பேச்சு நடந்தது. ஜன்னல் வழியே ஒரு சொல் விடாமல் கேட்டது.

"கோயில்லயே தாலி கட்டிடலாம்லா, அப்பாவு. சுசா ஒண்ணும் இல்ல. மண்டபம், காடி, ஒண்ணும் வேணாம்." இது இராமசாமி. சுசா என்றால் சிரமம், காடி என்றால் கார்.

"பிள்ளயோட டீச்சர் வேல?" என்றார் அப்பா.

"அது தற்காலிகம்தானே! எப்ப வேணாலும் போவச் சொல்லுவான். பாப்பாவுக்கு ஒரு ஆத்தா வேணும். அக்கா எடத்துல தங்கச்சி. ரெண்டும் சாமாதான்லா. ஒரே வயித்துப் பிள்ள."

சாமா. மலாயில் ஒரே மாதிரி என்று அர்த்தம். கடையில் இரண்டு சோப்புக் கட்டியை எடுத்துக் காட்டினால் சீனக் கடைக்காரர் சொல்வது. எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் எது தற்காலிகம், எது சாமா என்று தெரியும், தங்கள் விஷயத்தைத் தவிர.

"அப்ப கார்த்திகை கழிச்சி தை ரெண்டாந் தேதி" என்றார் இராமசாமி. "சரின்னு சொல்லிடு. நான் ஐயருகிட்ட சொல்லி வச்சிடுறேன்."

நான் அப்பாவின் பதிலுக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் பொய். யாருக்கோ கல்யாணம் பேசுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். தாளில் எந்தப் பையனோ சைபருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தான், மலாயில். அங்கே ஒன்றும் இல்லாததால் ஒன்றும் இல்லை, டீச்சர். அதன் கீழே சரியான விடையை எழுதப் பேனாவை வைத்தேன். கரண்ட் சைபர். ஆகவே மற்ற எல்லாப் பல்பிலும் வோல்ட் சைபர். ஆகவே மொத்த வோல்ட்டும்…

முதுகில் பாப்பாவின் கை இல்லை.

திரும்பினேன். அவள் தொய்ந்த வயருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே வாயைத் திறந்துகொண்டிருந்த காலி ஹோல்டரை ஒரு கையால் பிடித்துவிட்டாள். மற்றக் கையின் ஆள்காட்டி விரல் அதன் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஓட்டை எங்கே இருந்தாலும் விரல் அங்கே போகும். சுவரில் பிளக் இருந்தது. ஸ்விட்சும் போட்டபடியே இருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா பிறகு சொன்னாள், "மங்களம்"ன்னு கத்துனே என்று. இருக்கலாம். விடைத்தாள்கள் படிக்கட்டில் சிதற, எழுந்து ஓடியது என் கால்கள்தான். பாப்பா பயந்து கையை விட்டாள், பயந்ததால்தான் விட்டாள். அவளை இடுப்போடு வாரி இழுத்தேன். வயர் என் முழங்கையில் உரசியது. உரசிய இடம் அந்த ஹோல்டர்தான். உள்ளங்கால்வரை யாரோ கயிற்றைப் பிடித்துச் சுண்டிய மாதிரி ஓர் இழுப்பு. நான் பின்னால் விழுந்தேன், பாப்பா என் மேல்.

பாப்பா வீறிட்டு அழுதாள். அடி ஒன்றும் இல்லை, விரலும் சிவக்கவில்லை, நான் கத்திய கத்தலுக்கு அழுதாள். "அம்மா, அம்மா" என்று அழுதாள். யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். அது நான் இல்லை.

எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். மச்சான் ஒரு கையில் வெள்ளிக் காகிதத்தோடு வந்தார். சுவரைப் பார்த்தார், ஹோல்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சி? எதுக்கு இப்படிக் கத்துன?" என்றார் அப்பா. "ஒரு பல்பும் எரியலயே. கரண்டு எங்க இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த முதல் கோபம். அது அப்பாவின் மேலா, நாற்பது சைபர்களின் மேலா, செத்துப்போனவள் மேலா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"எரியலன்னா இல்லன்னு யார் சொன்னது ஒங்களுக்கு?"

"பைய பேசு பிள்ள" என்றார் இராமசாமி.

"டெஸ்டரக் குடுங்க மச்சான். இல்ல, நீங்களே காட்டுங்க. பிளக்கப் போட்டுக் காட்டுங்க."

மச்சான் எழுந்தார். பிளக்கைத் திரும்பச் செருகினார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, காலி ஹோல்டருக்குள் நுனியை வைத்தார். அதன் பிடிக்குள் சின்னதாக ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. அந்த வயரில் வேறு வெளிச்சமே இல்லை, அந்த ஒன்றுதான். எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"இந்த வரிசையில இருக்கிற எந்தப் பல்புலயும் இப்ப ஒரு வோல்ட்டுகூட இல்லப்பா" என்றேன். "எல்லாம் சைபர். பாத்தா செத்த மாதிரிதான் இருக்கும். ஒரு பல்பு கழண்ட அந்தக் காலி எடத்துலதான் இருநூத்தி நாப்பதும் நிக்கிது. முழுசும்."

வகுப்பில் எத்தனையோ தடவை சொன்ன விடை அது. அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. அக்கா போன நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் எரியவில்லை. அம்மா சட்டியோடு, அப்பா சிகரெட்டோடு, மச்சான் இஞ்சினோடு, நான் கணக்கோடு. ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முழங்கை விண்விண்ணென்று வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததும் அழுகை வந்தது. அக்கா, அக்கா என்று அழுதேன். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள்.

யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள்.

இராமசாமிக்கு மட்டும் அந்த இடத்தில் நிற்கத் தெரியவில்லை. "சரி சரி. அந்தக் காகிதத்தத் திணிச்சி மூடிடு தம்பி, முடிஞ்சிச்சி" என்றார். "அப்பாவு, தை ரெண்டுன்னு வச்சிக்கலாமா?"

"எனக்கு வேணாம்" என்றேன்.

அவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல். அதைத் தேடி நான் எங்கேயும் போகவில்லை.

அப்பா என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார். மச்சான் டெஸ்டரைத் துடைத்துப் பையில் வைத்தார். பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும் வேணாம் மாமா" என்றார். "நவமணி மேல ஒரு கொற இல்ல. மங்களம் சேலயக் கட்டிக்கிட்டு இது வாசல்ல நிக்கும்போதெல்லாம் ஒரு செகண்டு மங்களம்னு நெனச்சிடுறேன். அப்புறம் இல்லன்னு தெரியிது. தெனம் தெனம் அவ சாவுறா மாமா. என்னால முடியல."

அக்கா செத்த பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு முகத்தைக் கைலி முனையால் மூடிக்கொண்டார்.

இராமசாமி தொண்டையைக் கனைத்தார். "லைட்டுக்கு நான் ஈப்போவுல வாடகைக்குச் சொல்லிக்கிறேன். வாரேன் அப்பாவு" என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பெட்டியை விட்டுவிட்டுப் போனார். நல்ல காலம், தேதியையும் விட்டுவிட்டுப் போனார்.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் ஒன்று உடைந்தால் கிடைக்கிறதை வைத்து அடைக்கத் தெரிந்த மனிதர். கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் தார் வைப்பார், வாளியில் விழுந்தால் துணி வைப்பார். இதற்கும் ஏதாவது வைக்கவேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

"அப்ப பிள்ளைய யாரு பாக்குறது?" என்றார்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "யாராச்சும் ஒருத்தர்தான் பாக்கணும்னு சட்டமா? காலையில நீங்க ஒரு பக்கம் மரம் வெட்டுங்க, நான் பதினோரு மணிக்கி வந்திடுறேன், அதுவரைக்கும் ஆயாக் கொட்டாயில மத்தப் பிள்ளைங்களோட இருக்கட்டும். பகல்ல நான். இஞ்சின் போடுற வரைக்கும் அதோட அப்பன். சனி ஞாயிறு இவ. ஆளாளுக்குக் கொஞ்சம் பாத்தா யாருக்கும் பாரமில்ல." அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, செலாரி என்ற சொல்லையும் கேட்டிருக்கமாட்டாள், ஆனால் சொன்னது அந்தப் பக்க இணைப்பைத்தான். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அப்பா அம்மாவின் கணக்கைக் கேட்டுத் தலையாட்டினார். ஆனால் அவருக்கு இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. கழுத்தைத் திருப்பி அந்த வயரைப் பார்த்தார், காலி ஹோல்டரைப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி" என்றார் மெதுவாக. "அப்ப அவ எடம்? அது அப்படியே காலியாவா கெடக்கும்?"

பாப்பா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் மூச்சின் சூடு கழுத்தில் பட்டது. பட்டது எனக்குத் தெரிந்தது.

"கெடக்கட்டும்பா. யாரும் கைய வைக்காம இருந்தா போதும்."

அப்பா சுவரண்டை போய், குனிந்து, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார்.